எல்லாரையும் கேட்டதாக

செஞ்சிக் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கன்னியப்பனிடம் ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டால் போதும், யாருடைய ரேடியோ வயிறு திறந்து கிடந்தாலும் அப்படியே போட்டுவிட்டு, கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டு மாடிக்கு ஏறிவிடுவான். பாதிப் பாட்டில் நின்றுபோன ரேடியோவைக் கொண்டுவந்தவர் வாசலில் நின்று கத்துவார். கத்தட்டும் என்று விட்டுவிடுவான்.

மாடியில் ஒற்றை அறை. மேஜை நிறைய ஒரு கறுப்புப் பெட்டி. மதராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய ராணுவச் சாமான்களோடு சாமானாகக் கிடந்ததை அண்ணன் கனகராஜும் அவனும் பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு வருஷம் மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒரு பித்தளைக் கீயை விரலால் தட்டினால், பினாங்கில் இருக்கிற கனகராஜுக்குக் கேட்கும். அவன் தட்டினால் இங்கே கேட்கும். டிட் என்றால் புள்ளி, டா என்றால் கோடு. எழுத்தெல்லாம் அதிலேயே, மோர்ஸ் என்பார்கள். இங்கிலீஷ் எழுத்தில்தான் ஓடும்.

அமெச்சூர் ரேடியோ என்று அதற்குப் பெயர். சர்க்கார் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறது. லைசென்ஸ் உள்ள இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். அடுத்தவர் சேதியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கக்கூடாது, வெள்ளம் புயல் மாதிரி ஆபத்துக் காலம் தவிர. இதைக் கன்னியப்பன் வேதவாக்காக வைத்திருந்தான். ஊர்க்காரர்களோ அவனைப் பாதிப் பைத்தியம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். மொட்டை மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு அவன் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியில் ராஜகிரிக் கோட்டைக் குரங்குகள் ஊஞ்சலாடும். அவன் அம்மா குஞ்சம்மாள் அதில் புடவை காயப்போடுவாள். இரண்டையும் விரட்டுவதற்கே அவனுக்குப் பாதி நாள் போய்விடும்.

கனகராஜின் மனைவி நீலாவதி தினமும் ஐந்தரைக்கு டீயோடு மாடி ஏறுவாள். டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நின்றுகொள்வாள். கால் மணி நேரம் பெட்டி தவளை மாதிரி கத்தும், இவன் கீயைத் தட்டுவான், அது கத்தும், இவன் நோட்டில் எழுதுவான். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்து ஒன்று சொல்வான்.

"அண்ணன் நல்லா இருக்குதாம் அண்ணி. எல்லாரையும் கேட்டுச்சாம்."

மூன்று வருஷமாக இதே வரிதான், ஒரு எழுத்து கூடாமல் குறையாமல்.

கல்யாணமாகி ஐந்தே மாதம் கூட இருந்தான் கனகராஜ். பினாங்கில் ஒரு ரேடியோ கம்பெனியில் வேலை வந்தது, கப்பலேறினான். கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும், அம்மா பெயருக்கு. கன்னியப்பன் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். கட்டினவளுக்குத் தனியாகக் கடிதம் போடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, அந்தத் தெருவிலும் இல்லை. கடைசி வரியில் 'மற்றும் அனைவருக்கும் என் அன்பு' என்று இருக்கும். அந்த அனைவரில் தன் பங்கு எவ்வளவு என்று நீலாவதி கணக்குப் போட்டுப் பார்ப்பாள். மாமியார், கொழுந்தன், பக்கத்து வீட்டுத் தையல்கார ஜகபர் அலி, அவர் மனைவி சாஜிதா, கொட்டகையில் கட்டியிருக்கிற எருமை. எருமையைக்கூடப் பெயர் சொல்லி விசாரித்திருக்கிறான் ஒரு கடிதத்தில். கன்று போட்டதா என்று.

அவளுக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எல்லாருக்கும் என்று இல்லாமல், தனக்கே தனக்கு என்று ஒரு வார்த்தை. அது கிடைத்தால் இன்னும் மூன்று வருஷம் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றும். கால் மணி நேரம் அந்தப் பெட்டி அப்படிக் கத்துகிறதே, அத்தனைக்கும் நடுவில் ஒரு வார்த்தைகூடவா தன்னைப் பற்றி இருக்காது? அந்தச் சந்தேகத்தில்தான் அவள் மோர்ஸ் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள்.

யாரிடமும் கேட்கவில்லை. சுவரில் கன்னியப்பன் ஒட்டிவைத்திருந்த அட்டையில் எழுத்தும் புள்ளியும் கோடும் இருந்தன. மேல்மலையனூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்து தெரியும். அறையைப் பெருக்கும்போது நாளைக்கு நாலு எழுத்து மனப்பாடம் செய்தாள். அம்மிக்கல்லில் டிட் டா தட்டினாள். "இன்னாடி, சட்னிக்குத் தாளம் போடுற?" என்று குஞ்சம்மாள் கேட்டாள். நான்கு மாதத்தில் எழுத்துகள் ஒன்றிரண்டு காதில் ஒட்ட ஆரம்பித்தன. எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டாள். பிடித்ததெல்லாம் சப்பென்று இருந்தது. பினாங்கில் மழை. பெட்டியில் வால்வு போய்விட்டது. உன் சத்தம் இன்று நன்றாகக் கேட்கிறது.

ஆனால் முடிக்கும்போது மட்டும் தினமும் ஒன்று வந்தது. எட்டு, எட்டு, அப்புறம் எக்ஸ் ஒய் எல். ஒரு நாள்கூடத் தவறவில்லை. எக்ஸ் ஒய் எல் என்றால் வீட்டுக்காரி என்று அட்டைக்குக் கீழே இருந்த பட்டியலில் கண்டுபிடித்துவிட்டாள். இந்த ரேடியோக்காரர்கள் பெண்டாட்டிக்கு வைத்திருக்கிற குறி அது. அப்படியானால் அது தனக்கு! எட்டு எட்டு என்றால் என்ன என்று அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

ஒரு நாள் டம்ளரை எடுக்கிற சாக்கில் கேட்டாள்.

"தம்பி, எட்டு எட்டுன்னா இன்னா?"

கன்னியப்பனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "அதுவா... அது வந்து, எல்லாரையும் கேட்டதா சொல்லுன்னு அர்த்தம் அண்ணி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நல்ல பையன், பொய் சொல்ல வராது. நீலாவதி அவன் கடைக்குப் போனதும் மேஜையடியில் கிடந்த தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சாஜிதா பாண்டிச்சேரியில் கான்வெண்டில் பத்தாவது வரை படித்தவள். காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகத் தேடினாள். எண்பத்தெட்டு என்ற இடத்தில் விரலை வைத்தாள். படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா சாஜிதா? சொல்லிட்டுச் சிரியேன்."

"அன்பும் முத்தங்களும்னு போட்டிருக்குது நீலா. முத்தம்கூட ஒண்ணு இல்ல, நெறைய." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருஷமா உன் ஊட்டுக்காரரு ஆகாசத்துல இருந்து முத்தம் குடுத்துக்கினு இருக்கிறாரு. எல்லாம் உன் கொழுந்தன் காதோட நின்னுபோச்சு."

கன்னியப்பனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அண்ணியிடம் போய், அண்ணன் முத்தம் கொடுக்கச் சொன்னான் என்று எந்தக் கொழுந்தன் சொல்வான்? அவன் மானத்தோடு மொழிபெயர்த்தான், அவ்வளவுதான்.

நீலாவதியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து எருமைக் கொட்டகையில் நின்று அழுதாள். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய ஆயிரம் நாள். ஆயிரம் நாளும் அவன் தந்திருக்கிறான், இவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அங்கே அவன் என்ன நினைத்திருப்பான்? ஒரு நாளாவது பதில் வராதா என்று காத்திருந்திருப்பான். கல் மனசுக்காரி என்றுகூட நினைத்திருக்கலாம். அதுவரை வார்த்தை ஒன்று வேண்டும் என்று ஏங்கினவளுக்கு, அன்றிலிருந்து வேறொன்று வேண்டியிருந்தது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வழிதான் இல்லை. கடிதம் மாமியார் சொல்லக் கன்னியப்பன் எழுதுவது. கீயோ இரண்டு முழத் தூரத்தில் இருந்தது. ஆனால் லைசென்ஸ் இல்லாத விரல் அதில் பட்டால் கன்னியப்பனின் லைசென்ஸ் போய்விடும், பெட்டியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போகும், அப்புறம் ஐந்தரை மணியே இருக்காது. அவள் தினமும் டீயோடு ஏறினாள், அந்த இரண்டு எட்டையும் முழுசாகக் காதில் வாங்கிக்கொண்டாள், "எல்லாரையும் கேட்டுச்சாம்" என்பதற்குத் தலையாட்டினாள். 

பாம்பன் பாலத்தைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷம் கழிந்து, ஒரு கார்த்திகையில் அடைமழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. சங்கராபரணியில் தண்ணீர் கரை புரண்டது. தந்திக் கம்பம் சாய்ந்தது, டெலிபோன் செத்தது, கரண்ட் போயிற்று, திண்டிவனம் ரோடு அறுந்தது. அந்த நேரம் பார்த்து அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஸ்பெஷல் பஸ் மூன்று வழியில் தரைப்பாலத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டன. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு ஒரு மேட்டில் ஏறி நிற்கிறார்கள், இரவெல்லாம் நனைந்திருக்கிறார்கள், சோறு தண்ணி இல்லை என்று ஒருவன் வெள்ளத்தில் நீந்தி வந்து சொன்னான்.

விடிந்ததும் தாசில்தார் குடையோடு வந்து கன்னியப்பன் வீட்டுப் படியேறினார். பாதிப் பைத்தியம் என்றவர்களெல்லாம் பின்னால் வந்தார்கள். கன்னியப்பன் ஒரு லாரி பேட்டரியை இழுத்துவந்து பெட்டியில் மாட்டினான். மதராஸில் ஒரு அமெச்சூர்க்காரர் பிடிபட்டார். அவர் அங்கே அதிகாரிகளுக்கு டெலிபோனில் சொல்ல, அவர்கள் சொல்வதை இங்கே தட்ட, பகலெல்லாம் போயிற்று. இவன் பதில் விசாரிக்க வேண்டிய போதெல்லாம் க்யூ ஆர் எக்ஸ் என்று தட்டுவான். பொறு என்று அர்த்தம் என்று நீலாவதி கேட்டுக் கேட்டே புரிந்துகொண்டாள்.

மதியத்துக்கு மேல் மின்னல் பெட்டிக்குள் கரகரத்தது. கன்னியப்பன் நோட்டில் எழுதியதைத் தாசில்தாரின் பியூனிடம் நீட்டினான்.

"முந்நூறு பேருக்கு அரிசி ஏத்துறாங்களாம்."

"முந்நூறு இல்ல தம்பி, எரநூறு" என்றாள் நீலாவதி கதவோரத்திலிருந்து. "ரெண்டுன்னுதான் அடிச்சாரு."

கன்னியப்பன் திரும்பச் சொல்லிக் கேட்டான். இருநூறுதான். பென்சில் அவன் கையில் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி... அப்ப இத்தினி நாளா அண்ணன் அடிச்சது..."

"எல்லாந்தான்."

"அந்தக் கடேசில வர்றதும்?"

"அதுவுந்தான்."

பாவம், அவனுக்கு மேஜைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்திருக்கும். பியூன் நின்றிருந்ததால் இருவருமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நாலரை மணிக்குப் பேட்டரி இறங்கத் தொடங்கியது. பெட்டியின் சின்ன விளக்கு மஞ்சளாகச் சோர்ந்தது. பஸ் ஷெட்டில் வேறு பேட்டரி இருக்கிறது, பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று கன்னியப்பன் எழுந்தான். வாசலில் நின்று, "கேட்டு எழுதி வைங்க அண்ணி. கீயத் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். கடைவீதியில் இடுப்பளவு தண்ணீர். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று.

ஐந்து மணி வாக்கில் மதராஸ் கூப்பிட்டது. நீலாவதி பென்சிலை எடுத்தாள். அரிசி லாரியும் படகும் புறப்படுகின்றன. பஸ்கள் ஆற்றுக்கு எந்தப் பக்கம்? செஞ்சிப் பக்கமா, மேல்மலையனூர்ப் பக்கமா? உடனே சொல்.

அவளுக்குத் தெரியும். பஸ் அக்கரையில் நிற்கிறது என்று காலையில் நீந்தி வந்தவன் சொன்னதை அவளும் கேட்டாள். அது அவள் பிறந்த ஊர்ப் பக்கம். லாரி சேத்துப்பட்டு வழியாக வந்தால்தான் அந்த மேட்டுக்குப் போகமுடியும். செஞ்சி வழியாக வந்தால் இக்கரையில் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். படியில் எட்டிப் பார்த்தாள். பியூன் தாசில்தாரிடம் போயிருந்தான். கன்னியப்பனைக் காணோம். மதராஸ் மறுபடி கேட்டது. குரல் மெலிந்துகொண்டே வந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக டீ வைத்த மேஜை, ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கீயில் விரலை வைத்தாள்.

அப்போதுதான் மதராஸின் மேலேயே இன்னொரு சத்தம் ஏறியது. கனமான, உருண்ட, அவசரமான தட்டு. அது யாருடைய கை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கில் யாரோ செஞ்சி வெள்ளம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவன் பெட்டியைத் திருகித் திருகி இந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கன்னி, கன்னி, எக்ஸ் ஒய் எல் எப்படி? எக்ஸ் ஒய் எல் எப்படி? அம்மாவைக் கேட்கவில்லை. எருமையைக் கேட்கவில்லை. விட்டு விட்டு அதையே அடித்தான். அடியில் மதராஸ் நசுங்கிப்போய் ஒன்றும் கேட்கவில்லை.

நல்லா இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு எத்தனை எழுத்து ஆகும்? ஓ கே, இரண்டே எழுத்து. கீ கையில் இருந்தது. ஆனால் இரண்டு எழுத்தோடு அவன் விடுவானா? யார் அடிப்பது என்பான், கன்னி எங்கே என்பான், அதற்குள் அந்த விளக்கு அணைந்துவிடும். மேட்டில் இருநூறு பேர்.

அவள் தட்டினாள். க்யூ. ஆர். எக்ஸ்.

பழகாத கை. கோடு எல்லாம் இழுத்துக்கொண்டு போயிற்று. இன்னொரு தடவை தட்டினாள். பினாங்கு பாதி எழுத்தில் நின்றது. பிறகு அந்தப் பக்கம் மூச்சு இல்லை.

மதராஸ் மேலே வந்தது. மேல்மலையனூர்ப் பக்கம், சேத்துப்பட்டு வழி வா என்று எழுத்து எழுத்தாகப் பொறுக்கிப் போட்டாள். ஒவ்வொரு தட்டுக்கும் விளக்கு மங்கியது. நடுவில் ஒரு எழுத்து தப்பிப்போய் முதலிலிருந்து அடித்தாள். கால் மணி நேரம் பிடித்தது. புரிந்தது, புரிந்தது, லாரி அந்த வழி போகிறது என்று மதராஸ் சொன்னது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, இப்போது பினாங்கைக் கூப்பிடலாம் என்று மறுபடி கீயைத் தொட்டாள். விளக்கு அணைந்துபோயிற்று.

மூன்று வருஷம் ஏங்கி ஏங்கி, தன் கையால் புருஷனுக்கு முதல் முதலாகச் சொன்ன வார்த்தை: பொறு. அதை நினைத்து அவள் இருட்டிய பெட்டியின் முன்னால் உட்கார்ந்தே இருந்தாள்.

கன்னியப்பன் பேட்டரியோடு வந்து, நோட்டைப் படித்து, நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தான். சர்க்காருக்குக் காட்ட வேண்டிய பதிவு நோட்டில், அன்றைய தேதியில், ஆபத்துக் காலம், கீயில் இருந்தவர் நீலாவதி, லைசென்ஸ் இல்லை என்று ஒளிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த விஷயத்தில் அவனை அசைக்க முடியாது. லாரிகள் ராத்திரிக்குள் சேத்துப்பட்டு வழியாகப் போய்ச் சேர்ந்தன, மேட்டில் இருந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள் என்று மறுநாள் தாசில்தார் வந்து சொன்னார். பினாங்குக்கு நேரமே கிடைக்கவில்லை. எல்லாரும் சுகம் என்று ஒரே வரி தட்டிவிட்டுக் கன்னியப்பன் மதராஸ் சேதிகளுக்குத் திரும்பினான்.

அதற்கு மூன்றாம் நாள் மழை விட்டது. கரண்ட் வந்தது. ஐந்தரைக்கு நீலாவதி டீ கொண்டுபோனாள். கன்னியப்பன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தான். வழக்கமான ஓட்டம், பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. திடீரென்று பினாங்கு நின்று, நிறுத்தி நிதானமாக க்யூ ஆர் எக்ஸ் என்றது. கூடவே ஒரு கேள்விக்குறி.

கன்னியப்பன் கீயிலிருந்து கையை எடுத்தான்.

"அண்ணி, நீங்க அன்னிக்கி க்யூ ஆர் எக்ஸ் அடிச்சீங்களா?"

"பொறுன்னு அடிச்சேன். அதுக்குத்தானே நீ அடிப்ப?"

"நான் அவசரத்துக்கு அப்படி அடிக்கிறது. அது பின்னால மணி சொல்லணும் அண்ணி. 'இத்தினி மணிக்கு உன்ன மறுபடி கூப்புடுறேன்' அப்படின்றதுதான் அதுக்கு முழு அர்த்தம். நீங்க மணி சொல்லாம உட்டுட்டீங்க." அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். "அன்னிக்கி அடிச்சது என் கை இல்லன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மாவுக்கு எழுத்தே தெரியாது, அதனால யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. மூணு நாளா பெட்டிகிட்டயே குந்திக்கினு இருக்குதாம். எப்பக் கூப்புடுவன்னு கேக்குது."

"யார?"

"உங்கள. எல்லாரையும் இல்ல அண்ணி. உங்களத்தான்."

நீலாவதி கதவைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி லேசாக இரைந்தது, அந்தப் பக்கம் காத்திருந்தது.

"பரீட்சை எப்ப தம்பி?"

"எந்தப் பரீட்சை?" என்றவனுக்குப் பிறகுதான் உறைத்தது. "மாசி மயானக் கொள்ளை முடிஞ்ச மறுவாரம், மதராஸ்ல. எழுதினாலும் லைசென்ஸ் கைக்கு வர இன்னும் மாசம் ஆவும். போலீஸ் விசாரணை அது இதுன்னு ஆடி ஆயிடும். அம்மா வேற இன்னா சொல்லுமோ."

"அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். ஆடின்னு சொல்லு."

கன்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடியா? புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு வைக்கிற மாசம் அண்ணி அது."

"மூணு வருஷமா எங்களுக்கு எல்லா மாசமும் ஆடிதான் தம்பி. நீ அடி."

அடுத்தவர் சேதியை அனுப்பக்கூடாது. கன்னியப்பன் ஒரு கணம் கீயைப் பார்த்தான், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தான். பிறகு தட்டினான். க்யூ ஆர் எக்ஸ் ஆடி.

 கீழே குஞ்சம்மாள் எருமையைத் திட்டுவது கேட்டது. பிறகு சத்தம் வந்தது. கனகராஜின் கைதான், ஆனால் இதுவரை கேட்காத கை. ஓட்டம் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில், புதிதாகப் படிக்கிறவள் எழுதிக்கொள்ளும் அளவுக்கு இடம் விட்டு, மெதுவாக, மிக மெதுவாக அடித்தான்.

கன்னியப்பன் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். டீ டம்ளரை எடுத்துக்கொண்டு, ஏரியலில் குரங்கு இருக்கிறதா பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

நீலாவதி யாருடைய உதவியும் இல்லாமல், எழுத்துக் கூட்டி, கேட்டாள். சரி நீலா, என்றான். சரி நீலா.